புள்ளி விளையாட்டு நின்றுபோனால் எங்கே பார்ப்பது?

காலையில் நடந்தால் 10 புள்ளி. இரவு 11 மணிக்குமேல் கைப்பேசியைத் தொடாமல் இருந்தால் 15. 300 சேர்ந்தால் தேக்காவில் ஒரு நல்ல சாப்பாடு. இப்படிச் சொந்தப் பழக்கங்களுக்குப் புள்ளி போட்டு, அந்தப் புள்ளியைப் பரிசாக மாற்றிக்கொள்ளும் விளையாட்டைச் சிங்கப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்சைத் தொடங்கியதிலிருந்து, நடந்த அடிகளைப் புள்ளியாக்கிப் பற்றுச்சீட்டு வாங்குவது நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பழகிவிட்டது. கோப்பிக்கடையில் உட்கார்ந்து ஹெல்தி 365 செயலியில் இன்றைய அடிக்கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும் மாமாக்களை எந்தப் பேட்டையிலும் பார்க்கலாம்.

வீட்டில் நாமே நடத்தும் விளையாட்டு மட்டும் சில வாரங்களில் படுத்துவிடுகிறது. படுத்ததும், "எனக்கு மன உறுதி போதாது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பாலான பழுதுகள் விலைப்பட்டியலில்தான் இருக்கின்றன. எந்தப் பழக்கத்துக்கு எத்தனை புள்ளி, எந்தப் பரிசுக்கு எத்தனை புள்ளி என்று முதல் நாள் உற்சாகத்தில் குத்துமதிப்பாக எழுதுகிறோம். அப்புறம் அதைத் திருத்துவதே இல்லை.

கீழே அறிகுறிவாரியாகப் போகிறேன். உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். அதற்கு முன் எல்லாருக்கும் பொதுவான ஒரு சின்ன வேலை இருக்கிறது.

முதலில் மூன்று எண்கள்

கடந்த இரண்டு வாரக் கணக்கை எடுங்கள். நோட்டுப் புத்தகமோ எக்செல் தாளோ செயலியோ, எதுவானாலும் சரி. வாரத்துக்கு எத்தனை புள்ளி சேர்ந்தது, எத்தனை செலவானது, இப்போது இருப்பு எவ்வளவு என்று மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

சேர்வது வாராவாரம் குறைந்துகொண்டே வந்தால் முதல் அறிகுறியையும் நான்காவதையும் பாருங்கள். சேர்வது நன்றாக இருந்து செலவு பூஜ்யம் என்றால் இரண்டாவது. சேர்வதும் செலவும் ஜோராக இருக்கிறது, ஆனால் வாழ்க்கை போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்றால் மூன்றாவதுதான் உங்களுடையது. எழுதுவதற்குக் கணக்கே இல்லையா? அப்படியானால் நேராக முதல் அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 1: முதல் வாரம் ஓஹோ, மூன்றாம் வாரம் புத்தகத்தைக் காணோம்

பழக்கப் பட்டியலில் எத்தனை வரிகள் வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். தண்ணீர், நடை, தியானம், புத்தகம், சேமிப்பு, அம்மாவுக்குத் தொலைபேசி என்று பன்னிரண்டு வரி இருந்தால், பழக்கத்தைவிடக் கணக்கெழுதுவது பெரிய வேலையாகிவிடும். நான்கு வரிக்குமேல் வேண்டாம். அதிலும் ஒன்று, ஏற்கெனவே ஓரளவு செய்துகொண்டிருப்பதாக இருக்கட்டும்.

அடுத்து, எங்கே எழுதுகிறீர்கள்? இரவு படுக்கும்போது நாள் முழுவதையும் நினைத்து நிரப்புகிறீர்கள் என்றால், களைத்துப்போன ஒரே ஒரு இரவு போதும், சங்கிலி அறுந்துவிடும். செய்த இடத்திலேயே குறிக்க வேண்டும். நடைக்கான தாள் வாசலில் செருப்பு அலமாரிக்கு மேலே, மாத்திரைக்கான தாள் மருந்துப் பெட்டியோடு. பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள், பேனா தேடியே கைவிட்டவர்கள் உண்டு.

புள்ளியை நுணுக்கமாக அளப்பதும் இதே பழுதுதான். 20 நிமிடம் நடந்தால் 7, 23 நிமிடம் நடந்தால் 8 என்று போட்டால் தினமும் உங்களோடு நீங்களே வாதாட வேண்டியிருக்கும். 2021இல் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட பழைய டி-ஸ்கோரை விட்டுவிட்டு எட்டு அடைவுநிலைகளுக்கு மாறினார்கள் அல்லவா? ஒரு பாடத்தில் 90 அல்லது அதற்கு மேல் எதுவானாலும் ஒரே நிலை. நுணுக்கமான வித்தியாசத்துக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் இருக்க அது ஒரு வழி. வீட்டிலும் "செய்தேன், நன்றாகச் செய்தேன்" என்று இரண்டே படி வையுங்கள். 5 அல்லது 10. முடிந்தது.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டார்கள். நடுவில் நிற்கும் எண் 66. ஆக, 21 நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் கட்டிய விளையாட்டு, வேலை பாதி முடிவதற்குள் தீர்ந்துபோகும். குறைந்தது மூன்று மாதம் இழுத்துக்கொண்டு ஓடும் அளவுக்கு அது எளிமையாக இருக்க வேண்டும்.

அறிகுறி 2: புள்ளி குவிகிறது, செலவழிக்க மனம் வரவில்லை

இருப்பு 1,400 என்று காட்டுகிறது, ஆனால் அந்த எண்ணைப் பார்த்து ஒரு சந்தோஷமும் இல்லை. இதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, பரிசு புள்ளி இல்லாமலே கிடைக்கிறது. "50 புள்ளிக்கு ஒரு தே தாரிக்" என்று எழுதிவைத்துவிட்டு, தினமும் அலுவலகத்துக்குக் கீழே புள்ளி கொடுக்காமல் தே தாரிக் குடித்தால் அந்தப் பரிசுக்கு மதிப்பேது? நீங்கள் விரும்பும், ஆனால் இல்லாமலும் இருக்கக்கூடிய ஏதாவது ஒன்றைப் புள்ளிக் கதவுக்குப் பின்னால் வைத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பேருந்துக்குப் பதில் டாக்சியில் வீடு திரும்புவது. ஞாயிறு காலை பிள்ளைகளைத் துணைவரிடம் விட்டுவிட்டு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் இரண்டு மணி நேரம் தனியாக இருப்பது. இரண்டாவதற்குச் செலவே இல்லை, ஆனால் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைவிடப் பெரிய பரிசு எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் அன்றாடச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கதவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். பசியோடு இருப்பவர் விளையாட மாட்டார்.

இரண்டாவது காரணம், விலை ஏணியில் படிகள் இல்லை. ஒரே ஒரு பெரிய பரிசு, அதுவும் எட்டாத தூரத்தில். உங்கள் வார வருமானம் 100 புள்ளி என்றால், 40க்கு ஒன்று, 150க்கு ஒன்று, 600க்கு ஒன்று என்று மூன்று படி வையுங்கள். வாரம் ஒரு சின்னப் பரிசு எடுத்தாலும் மிச்சம் 60 சேரும், பெரியது பத்து வாரத்தில் கைக்கு வரும். அதற்குமேல் தூரம் போனால் மனம் விட்டுவிடும்.

பெரிய பரிசுக்குத் தொடக்கத்திலேயே கொஞ்சம் புள்ளியைச் சும்மா போட்டுவிடுவதும் வேலை செய்கிறது. ஜோசஃப் நூனஸ், சேவியர் ட்ரேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கார் கழுவும் நிலையத்தில் இதைச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். சிலருக்கு எட்டுக் கட்டம் உள்ள வெற்று அட்டை. சிலருக்குப் பத்துக் கட்டம் உள்ள அட்டை, அதில் இரண்டு முன்பே குத்தப்பட்டிருக்கும். இரண்டிலும் பாக்கி எட்டு முறைதான். வெற்று அட்டைக்காரர்களில் 19 விழுக்காட்டினர் முடித்தார்கள், இரண்டு குத்து இலவசமாக வாங்கியவர்களில் 34 விழுக்காட்டினர். கணக்குப்படி ஒரு வித்தியாசமும் இல்லைதான். ஆனாலும் 600 புள்ளிப் பரிசை 700 என்று எழுதி 100ஐ முதல் நாளே வரவு வையுங்கள்.

பரிசுகளால் பணம் கரைகிறது என்பவர்கள் ஒரு புள்ளிக்கு ஐந்து காசு என்று கட்டிவிடுங்கள். வாரம் 100 புள்ளி என்றால் ஐந்து வெள்ளி, மாதம் இருபது வெள்ளி சொச்சம். அதற்குமேல் செலவுள்ள பரிசு பட்டியலில் ஏறக்கூடாது.

அறிகுறி 3: புள்ளி ஏறுகிறது, வாழ்க்கை மாறவில்லை

இதுதான் கண்டுபிடிக்கக் கடினமான பழுது, ஏனென்றால் கணக்கு அழகாக இருக்கும். எல்லாப் பெட்டியிலும் பச்சை. ஆனால் தேர்வுக்குப் படிக்க வேண்டிய புத்தகம் 30ஆம் பக்கத்திலேயே இருக்கும்.

போன வாரக் கணக்கில் எந்த வரி அதிகப் புள்ளி கொடுத்தது என்று பாருங்கள். தண்ணீர் குடித்ததும் படுக்கையைச் சரிசெய்ததும் முன்னணியில் இருந்தால் விஷயம் தெளிவு. எதற்காக இந்த விளையாட்டைத் தொடங்கினீர்களோ அதைத் தொடாமலே உங்களால் ஜெயிக்க முடிகிறது. மனித மனம் சோம்பேறி என்று இதற்குப் பழி சொல்வது அநியாயம். கொடுத்த விலைப்பட்டியலை அது சரியாகத்தான் படித்திருக்கிறது. பிரிட்டிஷ் பொருளியல் அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கை பற்றிப் பேசும்போது சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஒரு புள்ளிவிவரத்தைப் பிடித்துக்கொண்டு அதைவைத்துக் கட்டுப்படுத்தத் தொடங்கினால், அந்தப் புள்ளிவிவரம் முன்பு எதைக் காட்டியதோ அதை அப்புறம் காட்டாது.

தேசிய சேவை செய்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். ஐபிபிடி உடற்தகுதித் தேர்வில் மொத்தம் 100 புள்ளி. 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 50, தண்டாலுக்கு 25, சிட் அப்புக்கு 25. ஓட்டத்தில் மூச்சு வாங்கும் ஆள் என்ன செய்கிறார்? தண்டாலிலும் சிட் அப்பிலும் முடிந்தவரை அள்ளிக்கொண்டு, ஓட்டத்தில் தேவையான மிச்சத்தை மட்டும் எடுக்கிறார். அதில் தப்பே இல்லை. ஆனால் ஓட்டத்துக்குப் பாதிப் புள்ளியை ஒதுக்கியிருப்பதால் அதை முழுக்கத் தட்டிக்கழித்துவிட முடியாது. உங்கள் பட்டியலிலும் அப்படி ஒரு வரி இருக்க வேண்டும். வாரத்தில் சேரக்கூடிய மொத்தப் புள்ளியில் பாதி, நீங்கள் உண்மையில் மாற்ற விரும்பும் அந்த ஒரு காரியத்தில் இருக்கட்டும்.

விலை வைப்பதற்கு நான் சொல்லும் வழி: எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பார்க்காதீர்கள், எவ்வளவு தள்ளிப்போடத் தோன்றுகிறது என்பதைப் பாருங்கள். பல் மருத்துவரிடம் முன்பதிவு செய்ய மூன்று நிமிடம் போதும், ஆறு மாதமாகத் தள்ளிப்போகிறது. அதற்கு 40 புள்ளி கொடுக்கலாம். தினமும் தானாக நடக்கும் காரியத்துக்கு 2 போதும், அதற்கும் நாளொன்றுக்கு உச்சவரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் எட்டாவது கோப்பைத் தண்ணீருக்கும் புள்ளி எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

எடை குறைந்தால் புள்ளி, மதிப்பெண் கூடினால் புள்ளி என்று விளைவுக்கு விலை வைப்பதும் இங்கேதான் வரும். உடல் எடை தண்ணீராலும் உப்பாலும் ஒரே நாளில் ஏறி இறங்கும். சரியாக நடந்துகொண்ட வாரத்தில் அது ஏறிக் காட்டினால் உங்கள் விளையாட்டே உங்களைத் தண்டிக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப்பின் புளோக்கைச் சுற்றி நடந்தீர்களா, அதற்குப் புள்ளி போடுங்கள். எடையைத் தனியாக, புள்ளி இல்லாமல், மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

வரியின் வார்த்தை தெளிவாக இல்லாவிட்டாலும் இதே அறிகுறி வரும். "உடற்பயிற்சி" என்று எழுதியிருந்தால் எம்ஆர்டி நிலையத்தில் மின்படி பழுதாகிப் படியேறியதையும் அதில் சேர்த்துவிடுவீர்கள். "காலணி மாட்டிக்கொண்டு கீழே இறங்கி 20 நிமிடம்" என்று எழுதுங்கள். யார் பார்த்தாலும் நடந்ததா இல்லையா என்று சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

விலையை மாற்றுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். புதன்கிழமை இரவு, ஒரு பரிசுக்கு 10 புள்ளி குறையும்போது, விலையைத் திருத்தத் தோன்றும் ஞானத்தை நம்பாதீர்கள்.

அறிகுறி 4: ஒரு நாள் விட்டதும் எல்லாம் போச்சு

தொடர் நாள் எண்ணிக்கையை வைத்து விளையாடுபவர்களுக்கு வருவது. 40 நாள் விடாமல் செய்தவர் ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்துப் படுத்தார், எண்ணிக்கை பூஜ்யமானது, அதன்பிறகு புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

லாலி குழுவின் ஆய்வில் இதற்கும் விடை இருக்கிறது. ஒரு வாய்ப்பை விட்டதால் பழக்கம் உருவாவதில் சொல்லத்தக்க பின்னடைவு இல்லை என்று கண்டார்கள். உடம்பும் மனமும் மறக்கவில்லை, எண்ணிக்கைதான் மறக்கிறது. எனவே "விடாமல் எத்தனை நாள்" என்ற கேள்வியைத் தூக்கிவிட்டு "இந்த வாரம் ஏழில் எத்தனை" என்று கேளுங்கள். ஐந்து செய்தால் முழு வெகுமதி. திங்கட்கிழமை புதுக்கணக்கு.

தொடர் எண்ணிக்கை பிடித்திருக்கிறது, விட மனமில்லை என்பவர்கள் விடுப்புச் சீட்டு ஒன்றை விற்பனைக்கு வையுங்கள். மொழி கற்கும் செயலியான டுவோலிங்கோவில் ஒரு நாள் விட்டாலும் தொடர் அறுந்துபோகாமல் காக்கும் 'ஸ்ட்ரீக் ஃப்ரீஸ்' வசதியை விளையாட்டில் சேர்க்கும் கற்களைக் கொடுத்து வாங்கிவைக்கலாம். அதே யோசனைதான். 30 புள்ளிக்கு ஒரு சீட்டு, கையில் இரண்டுக்குமேல் இருக்கக்கூடாது. தீபாவளி வாரம், ரிசர்விஸ்ட் பயிற்சி, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் போன்ற நாட்களுக்குச் சீட்டும் வேண்டாம், விளையாட்டையே நிறுத்திவையுங்கள். பழக்கங்களை விளையாட்டாக்கும் ஹாபிட்டிகா செயலியில் அன்றாடப் பணியை விட்டால் உயிர்ப்புள்ளி குறையும், பூஜ்யமானால் ஒரு நிலை இறங்கிச் சேர்த்த பொற்காசும் போய்விடும். அவ்வளவு கண்டிப்பான அதிலேயே சேதத்தை நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது.

வெளியில் நடப்பவர்கள் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மழைக்கு இப்போதே ஒரு மாற்று எழுதிவையுங்கள். புளோக்கில் பத்து மாடி ஏறினால் பாதிப் புள்ளி. மழை கொட்டும்போது உட்கார்ந்து விதி எழுதினால் அது உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

அறிகுறி 5: இருப்பு மைனஸில் இருக்கிறது

தவறுக்குப் புள்ளி கழிப்பதால் வருவது. கழிப்பதை எடுத்துவிடுங்கள். கடனில் இருப்பவருக்கு இன்று நடந்தாலும் பரிசு இல்லை, நடக்காவிட்டாலும் இல்லை, பிறகு எதற்கு நடப்பார்? கழித்தே ஆக வேண்டும் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது என்று விதி வையுங்கள்.

அறிகுறி 6: பிள்ளை எதற்கெடுத்தாலும் "எத்தனை பாயிண்ட்?" என்று கேட்கிறது

தமிழ் பேசவைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், பாட்டியோடு தமிழில் பேசினால் 5 புள்ளி என்று அறிவிக்கும் வீடுகள் உண்டு. ஒரு வாரம் அருமையாகப் போகும். அப்புறம் பாட்டி கதையின் பாதியில் இருக்கும்போதே பிள்ளை எழுந்து, "அம்மா, பாட்டிகிட்ட பத்து நிமிஷம் பேசிட்டேன், பாயிண்ட் போடுங்க" என்று கத்தும். பாட்டிக்கும் காது கேட்கும்.

இதற்குப் பின்னால் நன்கு அறியப்பட்ட ஒரு சோதனை உண்டு. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில், வண்ணப் பேனாவால் வரைவதை விரும்பும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவுக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. பிறகு சும்மா விளையாடவிட்டுப் பார்த்தபோது, சொல்லி வாங்கிய குழு மட்டும் முன்பைவிடக் குறைவாக வரைந்தது. ஏற்கெனவே பிடித்த காரியத்துக்குக் கூலி பேசினால், அது கூலி வேலையாகிவிடுகிறது.

ஆகவே பிள்ளைகளின் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். சொல்வதெழுதுதலுக்குத் தயாராவது, பைக்குள் புத்தகம் எடுத்துவைப்பது, வாய்ப்பாடு போன்ற சலிப்பான வேலைகளுக்குப் புள்ளி இருக்கலாம். பாட்டியோடு பேசுவது, தம்பியைக் கொஞ்சுவது, பிடித்த கதைப்புத்தகம் படிப்பது இவற்றின்மேல் விலைச்சீட்டு ஒட்டக்கூடாது. ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? ஒரே நாளில் பிய்த்தால் பிள்ளை அதைச் சம்பளக் குறைப்பாகத்தான் பார்க்கும். பள்ளி விடுமுறை வரும்வரை காத்திருங்கள். விடுமுறையில் விளையாட்டு முழுவதையும் நிறுத்திவிட்டு, பருவம் தொடங்கும்போது புதிய பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுங்கள், பாட்டி வரி இல்லாமல். இடையில் பாட்டிக்கும் பிள்ளைக்கும் புள்ளி சாராத ஒரு வேலையை ஒப்படைத்துவிடுங்கள். சனிக்கிழமை ஈரச்சந்தைக்குக் கூட்டிப்போய்க் காய்களின் பெயர் சொல்லி வாங்குவது போதும். பேச்சு தானாக வரும்.

அறிகுறி 7: குடும்பப் போட்டியில் ஒருவர் விலகிவிட்டார்

கணவர் 900, மனைவி 320 என்று குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தால் 320 விலகும். அவர் செய்யும் பாதி வேலைக்குப் பட்டியலில் வரியே இருக்காது என்பதையும் பார்க்க வேண்டும். தரவரிசையைக் கிழித்துவிட்டு ஒரே உண்டியல் வையுங்கள், எல்லார் புள்ளியும் அதில். நிரம்பினால் எல்லாருமாகச் சேர்ந்து ஜோகூர்.

அறிகுறி 8: எல்லாம் சரியாக ஓடுகிறது, ஆனால் போரடிக்கிறது

இது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பழக்கத்துக்கு இனிமேல் புள்ளி தேவைப்படாமல் போயிருக்கலாம். சோதித்துப் பாருங்கள். அந்த வரிக்கு இரண்டு வாரம் பூஜ்யம் புள்ளி. குறிக்கவும் வேண்டாம். வாரத்துக்கு ஐந்து என்பது ஐந்தாகவே நின்றால் வரியை அடித்துவிடுங்கள், அந்த இடத்தில் அடுத்த பழக்கத்தை ஏற்றலாம். இரண்டு மூன்றாகக் குறைந்தால் பாதி விலைக்குத் திரும்பக் கொண்டுவந்து, இன்னும் ஒரு மாதம் ஓட்டிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

வரிகளை மாற்றும்போது பழைய இருப்பை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: அதைப் புதிய கணக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். பழைய விலையில் சம்பாதித்த புள்ளி, பழைய விலைக்கே அந்த வார இறுதிக்குள் செலவாகட்டும். கையில் 430 இருக்கிறது, 600க்கான பரிசுக்கு எட்டவில்லை என்றால் 150இல் இரண்டும் 40இல் மூன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 10தான்.